கை மாறிய கச்சேரி

ஒலிநாடாவில் பாட்டைப் பதிவுசெய்து நண்பருக்குக் கொடுத்த தலைமுறையினர் நாம். தொண்ணூறு நிமிட நாடா என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம். நண்பர் கேட்ட பாடல்களெல்லாம் முடிந்த பின்னும் மூன்று நான்கு நிமிடம் மீதமிருக்கும். அதை வெறுமனே விட மனம் வராது. கொடுப்பவர் தமக்குப் பிடித்த ஏதோவொன்றை அங்கே நிரப்பிவிடுவார். திரைப்பாடல் கேட்டவருக்கு ஒரு துக்கடாவும், கீர்த்தனை கேட்டவருக்கு ஒரு கஜலும் இப்படித்தான் வந்து சேர்ந்தன. நம்மில் பலர் அறியாத இசைக்குள் நுழைந்த வாசல் அந்த மீதி இடமே.

இதே பழக்கத்தை ஒரு பெரும் ரசிகர் கூட்டம் பல்லாண்டுகள் விதிமுறை வகுத்துக்கொண்டு நடத்திய வரலாறு அமெரிக்காவில் உண்டு. பாட்டை இலவசமாகப் பகிர்வது தொண்டா, திருட்டா என்ற வழக்கு இணையத்தோடு பிறந்ததாகவே நாம் எண்ணுகிறோம். அவ்வழக்கு அதற்கும் மூத்தது. ஆகவே அவ்வரலாற்றை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விழைகிறோம்.

கிரேட்ஃபுல் டெட் என்னும் இசைக்குழு 1965இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் தோன்றியது. 1995 ஆகஸ்ட் 9 அன்று அதன் முதன்மைக் கலைஞர் ஜெர்ரி கார்சியா மறைந்ததோடு முடிவுற்றது. இடைப்பட்ட முப்பதாண்டுகளில் ஏறத்தாழ 2,300 கச்சேரிகள். ராக் இசைக்குழு என்று பெயரே தவிர, உறுப்பினர்கள் வந்த வழிகள் வேறு வேறு. கார்சியா பாஞ்சோ மீட்டி, புளூகிராஸ் என்னும் மலைநாட்டு இசையில் தோய்ந்தவர். பில் லெஷ் இத்தாலிய நவீன இசையமைப்பாளர் லூசியானோ பெரியோவிடம் பயின்றவர். தாளக் கலைஞர் மிக்கி ஹார்ட் தபலா மேதை அல்லா ரக்காவிடம் பாடம் கேட்டவர். ஹார்ட் 1991இல் வெளியிட்ட ‘பிளானட் டிரம்’ தொகுப்பில் ஜாகிர் உசேனோடு நம் சென்னையின் விக்கு விநாயக்ராமும் கடம் வாசித்தார். உலக இசைக்கென ஏற்படுத்தப்பட்ட கிராமி விருதை முதன்முதலில், 1992இல், பெற்றது அத்தொகுப்புதான்.

இக்குழு ஒருநாள் வாசித்த வரிசையில் மறுநாள் வாசிப்பதில்லை. பாடல்கள் மேடையிலேயே நீளும், உருமாறும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். நம் கச்சேரிகளில் ஒரே ராகத்தின் ஆலாபனை நாளுக்கு நாள் மாறுவது போல என்று கொள்ளலாம். ஆகவே இசைத்தட்டு வாங்கி வைத்திருந்தாலும் அந்த ஒரு மாலை கைக்கு வராது. ரசிகர்கள் ஒலிவாங்கியோடு அரங்குக்கு வரத் தொடங்கியதன் காரணம் இதுவே. கார்சியாவும் அவர்களைப் போன்றவரே. குழு தோன்றுவதற்கு முன், 1964இல், புளூகிராஸ் கலைஞர்களின் நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்வதற்காகவே நண்பர் ஒருவரோடு காரில் நெடுந்தூரம் பயணம் போனவர் அவர்.

1970களின் தொடக்கத்திலேயே நாடா பரிமாறும் குழுக்கள் உருவாயின. 1974இல் அவர்களுக்கென ஓர் இதழும் பிறந்தது. ஒலிவாங்கிக் கம்பங்கள் காடு போல் பெருகிப் பிறர் பார்வையை மறைக்கவே, 1984 அக்டோபரில் பெர்க்லியில் நடந்த கச்சேரிகளில் பதிவுசெய்வோருக்கென அரங்கில் தனியிடம் ஒதுக்கப்பட்டது. அவர்களை விரட்டுவதற்குப் பதிலாக நாற்காலி போட்டுக் கொடுத்ததாகக் கொள்ளலாம். விதித்த நிபந்தனை ஒன்றே: பதிவை விற்கலாகாது.

ரசிகர்கள் தாமாகவே மேலும் சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டனர். புதியவர் ஒருவர் வெற்று நாடாவையும் தபால் செலவையும் அனுப்பினால் போதும், பழையவர் படியெடுத்துத் தருவார். நாடாவைப் படியெடுக்கும்தோறும் இரைச்சல் கூடும் என்பது நாம் அறிந்ததே. எனவே மூலத்திலிருந்து இது எத்தனையாவது படி, எந்நாள், எவ்வூர், பதிவு ரசிகர் இருக்கையிலிருந்தா, ஒலிக்கலவைப் பலகையிலிருந்து நேரடியாகவா என்பதையெல்லாம் அட்டையில் எழுதியாக வேண்டும். ஏட்டுச்சுவடியைப் படியெடுத்தவர் இறுதியில் தம் பெயரும் நாளும் எழுதி முடித்த மரபு நம்மிடமும் இருந்ததல்லவா? இதுவும் அது போன்றதே. கொடுத்தவர் தாம் கொடுத்ததற்குப் பொறுப்பேற்றார்.

இப்பழக்கம் காத்த செல்வங்களுள் தலையாயது 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரி. அன்றிரவு மே மாதத்தில் அவ்வூரில் பனி பெய்தது. வாசித்த பாடல்களைப் பாருங்கள்: 1920களின் ஜக் இசைக்குழு மரபிலிருந்து வந்த ஒரு புளூஸ், மார்ட்டி ராபின்ஸ் பாடிய மாட்டிடையர் கதைப்பாடல், மெர்ல் ஹாகர்டின் நாட்டுப்புறப் பாடல், கருப்பினக் கலைஞர்களின் மோடவுன் நடனப் பாடல், பட்டி ஹாலியின் ராக் அண்ட் ரோல், அணுப்போருக்குப் பிந்திய உலகை நினைத்துக் கனடாவின் பானி டாப்சன் எழுதிய பாடல். ஒரே மாலையில் இத்தனை வகைகள்! நண்பர் ஒருவர் தொகுத்துக் கொடுத்த நாடாவைப் போலல்லவா இருக்கிறது?

அதைப் பதிவுசெய்தவர் குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கான்டர் ஜாக்சன். பின்னாளில் அவர் வறுமையுற்றார். 1980களின் நடுவில், நாடாச் சுருள்களை வைத்திருந்த வாடகைக் கிடங்கறைக்குப் பணம் கட்ட இயலாமல் போகவே, அவை ஏலத்துக்குப் போயின. ஏலத்தில் எடுத்தவர்கள் வழியே படிகள் ரசிகர்களிடம் பரவி, ஆயிரக்கணக்கான வீடுகளை அடைந்தன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் 2011ஆம் ஆண்டுப் பட்டியலில் இக்கச்சேரியைச் சேர்த்தது. முறையான வெளியீடாகக் கடைக்கு வந்ததோ 2017இல். விற்பனைக்கு வருமுன்னே பல்லாண்டுகள் நண்பர்களின் கைகளிலேயே அது வாழ்ந்திருந்தது.

இணையத்திலும் இக்கூட்டம் முந்திக்கொண்டது. 1985இல் தொடங்கிய ‘வெல்’ என்னும் கணினி உரையாடல் மன்றத்தில் அவர்களே பெருந்தொகையினர். 1998இல் ‘ஈட்ரீ’ என்ற அமைப்பு தோன்றியது. எம்பி3 முறையில் ஒலியின் ஒரு பகுதி கழிந்துவிடும் என்பதால், இழப்பில்லாத கோப்புகளை மட்டுமே பரிமாறுவது அவர்கள் கொள்கை. ஒரு கச்சேரி ஒரு ஜிகாபைட் அளவுக்கு வரும். தொலைபேசி வழி இணைப்பில் அதை இறக்க ஏறத்தாழ இரண்டு நாள் இரவும் பகலும் வேண்டும்! எனினும் செய்தார்கள். 2002இல் ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்னும் மின்னூலகம் ஈட்ரீயோடு சேர்ந்து கச்சேரிப் பதிவுகளுக்குத் தனிக் காப்பகம் திறந்தது.

இதற்கிடையில் 1999 ஜூனில் நாப்ஸ்டர் வந்தது. முன்பின் அறியாத ஒருவர் தம் கணினியில் வைத்திருக்கும் பாடல் பட்டியலையே அதில் பார்க்கலாம். நமக்குப் பிடித்த பாட்டை வைத்திருப்பவர் வேறு என்னென்ன கேட்கிறார் என்று அலமாரியைத் துழாவுவது போன்ற இன்பம் அது. ஆனால் அங்கே பரிமாறப்பட்டவை பெரும்பாலும் கடையில் விற்கும் பாடல்கள். அனுமதியும் இல்லை, அட்டையில் எழுதும் வழக்கமும் இல்லை. 2000 ஏப்ரலில் மெட்டாலிக்கா வழக்குத் தொடுத்தது. 2001 ஜூலையில் நாப்ஸ்டர் சேவை நின்றது. மெட்டாலிக்காவும் தொடக்கக் காலத்தில், 1982இல், ரசிகர்கள் கைமாற்றிய மாதிரி நாடாவால் பெயர் பெற்ற குழுவே என்பதைப் பலர் சுட்டிக்காட்டிச் சிரித்தனர். எனினும் அக்குழுவின் கேள்வியைச் சிரித்துத் தள்ள இயலாது. தான் மனமுவந்து கொடுப்பது வேறு, தன்னைக் கேளாமல் எடுப்பது வேறு.

டெட் குழுவுக்குப் பாடல் எழுதியவரும், இணைய உரிமைகளுக்காக 1990இல் ஓர் அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவருமான ஜான் பெர்ரி பார்லோ, 1994இல் எழுதிய கட்டுரையில், கலையின் மதிப்பு அரிதாக இருப்பதால் அன்றி, பலரறிய இருப்பதால் கூடும் என்று வாதிட்டார். அவர் குழுவைப் பொறுத்தவரை அது மெய். நாடா கேட்டவர் அனுமதிச்சீட்டு வாங்கி வந்தார். ஆனால் மேடையேறாத பாடலாசிரியருக்கும், ஒலிப்பதிவுக் கூடத்தில் வயலின் வாசித்தவருக்கும் எந்த அனுமதிச்சீட்டு? பார்ட்டன் ஹாலில் ஒலித்தவற்றுள் பல பிறர் இயற்றியவை. அவற்றைத் தாராளமாகக் கொடுக்கும் உரிமை டெட் குழுவுக்கு முழுமையாக இருந்ததா என்ற ஐயம் எங்களுக்கு உண்டு.

2005 நவம்பரில் இக்கூட்டத்துக்குள்ளேயே பிணக்கு மூண்டது. குழுவின் தரப்பு கேட்டுக்கொண்டதால் மின்னூலகத்திலிருந்து பதிவுகளை இறக்கிக்கொள்ளும் வசதி நீக்கப்பட்டது. ரசிகர்கள் கொதித்தனர். தமக்குத் தெரியாமலே இது நடந்ததாக லெஷ் அறிவித்தார். பார்லோவும் எதிர்த்தார். சில நாட்களில் உடன்பாடு ஏற்பட்டது: ரசிகர்கள் இருக்கையிலிருந்து எடுத்தவற்றை இறக்கிக்கொள்ளலாம், ஒலிப்பலகையிலிருந்து எடுத்தவற்றைக் கேட்க மட்டுமே செய்யலாம். இருவருக்கும் முழு நிறைவில்லை எனினும், எங்களுக்கு இது நேர்மையான தீர்ப்பாகவே படுகிறது.

நம் பக்கம் திரும்புவோம். கர்நாடக இசை ரசிகர்களும் கச்சேரிகளைப் பதிவுசெய்து தமக்குள் பரிமாறியவர்களே. ‘சங்கீதப்ரியா’ போன்ற தன்னார்வ முயற்சிகள் அத்தகைய பதிவுகளை வணிக நோக்கின்றி இணையத்தில் சேர்த்தன. திரையிசையிலோ கணக்கு வேறு. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமைத்தொகையை விட்டுக்கொடுக்கவே இயலாதபடி நம் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது 2012இல்தான். அதற்கு முன் நாம் நாடாவைக் காசு கொடுத்து வாங்கினாலும் அக்காசு இயற்றியவரைச் சென்றடையும் என்ற உறுதி இல்லை. நண்பருக்கு இலவசமாகப் படியெடுத்துக் கொடுத்த குற்றத்தை எடைபோடும்போது இதையும் தராசில் வைக்க வேண்டும்.

இன்று கோடிக்கணக்கான பாடல்கள் கைப்பேசியில் கிடைக்கின்றன. அடுத்த பாட்டைக் கணினியே தேர்ந்து தருகிறது. பல சமயம் நன்றாகவே தருகிறது. அது நமக்குப் பிடித்ததை அறியும். ஆனால், “எனக்குப் பிடித்தது, கேட்டுப் பார்” என்று சொல்ல அதற்கு ‘எனக்கு’ என்று ஒன்றில்லை. புரியாத இசையை நாம் இரண்டாம் முறை கேட்டதெல்லாம் கொடுத்தவர் மீதிருந்த மதிப்பினால்தானே?

வீட்டுப் பரணில் பெயரெழுதாத நாடாக்கள் நம்மில் பலரிடம் இருக்கும். யாருடைய கச்சேரி, எந்த ஊர், எந்த ஆண்டு, யார் கொடுத்தது என்பதை அறிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு அட்டையில் எழுதி வைப்போம். பார்ட்டன் ஹால் பதிவு இன்று நம் காதுக்கு எட்டுகிறதென்றால், நடுவில் இருந்தவர்கள் சலிக்காமல் எழுதி வைத்ததும் அதற்கு ஒரு காரணம்.