நிறவெறி என்னும் சொல்

தென்னாப்பிரிக்காவில் 1948-இல் ஆட்சியேறிய கட்சி ‘அபார்ட்ஹைட்’ என்பதை அரசுக் கொள்கையாக்கிற்று. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அதற்குப் ‘பிரிந்திருத்தல்’ என்று பொருள். நாம் அதனை ‘நிறவெறி’ என்கிறோம். நேயர்களே, எனக்கு இச்சொல் நிறைவு தருவதில்லை. வெறி மனத்தில் எழுவது. அதுவோ அரசிதழில் அச்சேறியது. 1950-இல் வந்த சட்டமொன்று ஒவ்வொருவர் இனத்தையும் பதிவேட்டில் குறித்தது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே வெவ்வேறு இனத்தாராகப் பதிவாயினர். 1991 வரை அச்சட்டம் நிலவிற்று. ஆதலின் ‘இன ஒதுக்கல்’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதனை எதிர்த்தவர் பிறர் உள்ளத்து வெறுப்பைக் கண்டித்ததோடு நின்றவரல்லர், சட்டத்தையே மீறியவர். 1952-இல் வெள்ளையர்க்கென ஒதுக்கிய வாயில்களில் வேண்டுமென்றே நுழைந்தும், வேறு தடைகளை மீறியும், 8,000-க்கு மேற்பட்டோர் கைதாயினர். மறு ஆண்டே, எதிர்ப்புக் காட்டச் சட்டத்தை மீறுவோர்க்குக் கசையடியும் தண்டனையென்று அரசு புதுச் சட்டம் இயற்றிற்று.