ஒரே பெயர், இரண்டு வாசல்

கம்ப்யூட்டர் தனக்குத் தானே கடிதம் போட்டுக்கொள்ளும் என்றால் சிரிப்பீர்கள். அதற்கென்றே ஒரு முகவரி உண்டு: 127.0.0.1. பெயர் 'லோக்கல்ஹோஸ்ட்'. அனுப்புநரும் அதுதான், பெறுநரும் அதுதான். இணையதளம் செய்பவர்கள் ஊருக்குக் காட்டுமுன் தங்கள் மேசையிலேயே ஒரு சர்வரை ஓடவிட்டு, இந்த முகவரியில்தான் சரிபார்ப்பார்கள்.

127-ல் தொடங்கும் எண்கள் முழுவதையும் இந்த ஒரு வேலைக்கு என்று 1986-ல் எழுத்தில் வைத்தார்கள். எண்ணிப் பார்த்தால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல்! அன்று எண்களுக்குப் பஞ்சமில்லை. புறம்போக்கு நிலத்தை அளந்து விட்டது மாதிரி விட்டிருக்கிறார்கள். பிறகு எண்கள் தீர்ந்துவிடும் என்ற பயம் வந்தது. ஐபி 6 என்ற புது முறையை வகுத்தவர்கள் 1995-ல் இதே வேலைக்கு ஒரே ஒரு முகவரிதான் கொடுத்தார்கள்: ::1.

பழையதை யாரும் ரத்து செய்யவில்லை. வம்பு அங்கேதான்.

நான் பிரெஞ்சு வழியில் படித்த புதுச்சேரியில் மூலை வீடுகளுக்கு இரண்டு வீதியிலும் வாசல் இருக்கும். வீடு ஒன்றுதான். ஆனால் வீட்டுக்காரர் ஒரு வாசல் பக்கமே உட்கார்ந்திருந்தால், மறு வாசலில் தட்டுகிறவர் ஆளில்லை என்று திரும்பிவிடுவார். லோக்கல்ஹோஸ்ட் அப்படிப்பட்ட மூலை வீடு.

நோட் என்ற மென்பொருள் முன்பெல்லாம் பழைய வாசலைத்தான் முதலில் தட்டும். 2021 அக்டோபரில் வந்த 17-ஆம் பதிப்பில், கம்ப்யூட்டர் எந்த முகவரியை முதலில் சொல்கிறதோ அதையே எடுத்துக்கொள்வது என்று மாற்றினார்கள். பல கம்ப்யூட்டர்கள் ::1 என்பதைத்தான் முதலில் சொல்லும். சர்வரோ 127.0.0.1 வாசலில் மட்டும் காத்திருக்கும். முந்தைய நாள் வரை ஓடிய தானியங்கிச் சோதனைகள் பலருக்கும் இப்படித்தான் நின்றுபோயின.

தேவாரத்தில் வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கும் என் பேத்தியும் இதில் மாட்டினாள். பிரவுசரில் கையால் திறந்தால் பக்கம் வருகிறது. தானியங்கிச் சோதனை மட்டும் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று நிற்கிறது. தன் புரோகிராமில்தான் பிழை என்று மூன்று நாள் தூக்கமில்லை. வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பாவம். பிரவுசர் ஒரு வாசல் திறக்காவிட்டால் மறு வாசலுக்குப் போகும், சோதனைக் கருவி போகாது, அவ்வளவுதான் வித்தியாசம். பிழைச்செய்தியிலேயே ::1 என்று இருந்ததை நான்காம் நாள் அவளே கண்டுபிடித்தாள். திரும்பி வந்த தபாலில் முதலில் முகவரியைப் பார் என்பது எங்கள் ஆபீஸ் பாடம், இங்கேயும் செல்லுபடியாகிறது.

வைத்தியம் எளிது. சோதனையில் பெயரை எழுதாமல் 127.0.0.1 என்றே எழுதலாம். அல்லது சர்வரை இரண்டு வாசலிலும் காத்திருக்கச் சொல்லலாம். 2023 ஏப்ரலில் வந்த 20-ஆம் பதிப்பிலிருந்து நோட் தானாகவே இரண்டு வாசலையும் தட்டிப் பார்க்கிறது. பழைய பதிப்பை மாற்றாமல் ஓட்டும் இடங்களில் இந்தக் கோளாறு இன்னும் எட்டிப்பார்க்கும்.