மிடி முதல் எம்பி3 வரை: விசைப்பலகை இசையின் கோப்பு வடிவ வரலாறு

சிந்தசைசர் விசைப்பலகையில் இயற்றப்பட்ட இசை கணினிக் கோப்பாகப் பிறரைச் சென்றடைந்த வரலாறு, பெரும்பாலும் ஒலித்தர வளர்ச்சியின் வரலாறாகவே எழுதப்படுகிறது. தொடக்கத்தில் பகிரப்பட்டவை ஒலியே இல்லாத கோப்புகள் என்னும் உண்மை அதில் மறைந்துவிடுகிறது. ஒலிக்கோப்பினால் கிடைத்ததோடு கைநழுவியதையும் சேர்த்தே நோக்குதல் தகும்.

சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனர் டேவ் ஸ்மித், வெவ்வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்களை இணைக்கும் பொதுமுறை ஒன்றை 1981இல் முன்மொழிந்தார். ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ காகெஹாஷி முதலானோரின் ஒத்துழைப்பால் அது ‘மிடி’ என உருப்பெற்றது. 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், இரு நிறுவனங்களின் ப்ராபெட்-600, ஜூபிடர்-6 கருவிகள் இணைத்துக் காட்டப்பட்டன. அவற்றுக்கிடையே கம்பிவழிச் சென்றது ஒலியன்று. எந்த விசை, எப்போது, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது என்னும் கட்டளையே. ஒரு சுரத்தைத் தொடங்க 3 பைட்டுகள் போதுமானவை.

இச்சிக்கனமே பகிர்வுக்கு வழிவகுத்தது. 1988இல் மிடிக் கோப்பு வடிவம் தரப்படுத்தப்பட்டது. அக்காலத்து 1.44 மெகாபைட் நெகிழ்வட்டில் குறுவட்டுத் தரத்திலான ஒலியை ஏறத்தாழ 8 வினாடிகளுக்கே அடக்க இயலும். மிடிக் கோப்புகளாயின் பல முழுநீள இசைப்படைப்புகளே அடங்கும். ஆயினும் பெறுபவர் கேட்டது இயற்றியவரின் ஒலியன்று, தம் கருவியின் ஒலியே. ஒருவர் வயலினாக எண்ணி அனுப்பிய நிரல் எண், மற்றொருவர் கருவியில் எக்காளமாக ஒலிக்கக்கூடும்.

1991இல் வெளிவந்த ‘ஜெனரல் மிடி’ இதற்குத் தீர்வாக 128 ஒலிவண்ணங்களுக்கு நிலையான எண்களை வகுத்தது. அப்பட்டியலில் சிதாருக்கும் ஷெனாய்க்கும் இடம் உண்டு. வீணைக்கும் நாகசுரத்துக்கும் இல்லை. அதனினும் அடிப்படையான குறை வேறொன்று. பெயர்கள் பொதுவாயினவேயன்றி ஒலி பொதுவாகவில்லை. மலிவான ஒலி அட்டையின் பியானோவும் உயர்தரக் கருவியின் பியானோவும் ஒரே எண்ணைத் தாங்கி, வேறுவேறாகவே ஒலித்தன.

ஒலியையே அனுப்ப விரும்பியோர், விசைப்பலகையின் ஒலி வெளியீட்டைக் கணினியின் ஒலி அட்டையோடு இணைத்து, இசையை முழுவதும் ஓடவிட்டுப் பதிவு செய்தனர். 5 நிமிடப் படைப்பைப் பதிவு செய்யவும் 5 நிமிடங்கள் தேவைப்பட்டன. வினாடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட்டுகள், இரு தடங்கள் என்னும் கணக்கில் அக்கோப்பு ஏறத்தாழ 53 மெகாபைட் ஆயிற்று. நொடிக்கு 28.8 கிலோபிட் வேகமுள்ள தொலைபேசி மோடத்தில் அதனை அனுப்ப 4 மணிநேரத்துக்கு மேலாகும். ஜெர்மனியின் பிரௌன்ஹோபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் உருவாக்கிய சுருக்கமுறை, செவி உணராத கூறுகளைக் களைந்து இவ்விடர்ப்பாட்டை நீக்கியது. 1995இல் எம்பி3 என்னும் பெயர்நீட்சி பெற்ற அவ்வடிவத்தில், 128 கிலோபிட் அளவில், அதே படைப்பு ஏறத்தாழ 5 மெகாபைட்டாகக் குறைந்தது. அனுப்பும் நேரமும் அரைமணிக்குள் அடங்கியது.

இயற்றியவர் கேட்ட ஒலி இவ்வாறு பெரும்பாலும் அப்படியே பிறரை அடைந்தது. ஆனால் மிடிக் கோப்பைப் பெற்றவர் ஒரு சுரத்தை மாற்றலாம், தாளகதியைக் குறைக்கலாம், இடக்கைப் பகுதியை மட்டும் பிரித்துப் பயிலலாம். எம்பி3 கோப்பில் இசையமைப்பின் அந்த உள்ளமைப்பு கிட்டுவதில்லை. இசைப்பயிற்சிக்கு உதவும் ஏடாக இருந்த கோப்பு, கேட்பதற்குரிய பதிவாக மாறியது.

ஆவணப் பாதுகாப்பில் இவ்வேறுபாடு இன்றும் இடர் தருகிறது. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கருவி, இசைஞர் தாமே வடிவமைக்கும் 32 ஒலிவண்ணங்களை உள்ளிருக்கும் மின்கலத்தின் துணையால் நினைவில் வைத்திருந்தது. மின்கலம் தீர்ந்தால் அவை அழிந்துவிடும். தனியே சேமிக்கப்படாத நிலையில், எஞ்சிய மிடிக் கோப்பில் கிடைப்பது அவ்வொலியைச் சுட்டிய எண் மட்டுமே.