கஞ்சாச் செடியை வடிவமைத்தல்

உள்ளரங்கில் விளக்கொளியில் வளரும் கஞ்சாச் செடியின் நுனியைக் கிள்ளுவது, கிளைகளை வளைத்துக் கட்டுவது, கிடைவலைக்கு அடியில் படரவிடுவது, நிழலில் கிடக்கும் அடிக்கிளைகளைக் கவாத்து செய்வது ஆகிய முறைகளுக்குப் பொதுவான பெயர் வடிவமைத்தல். பூங்கொத்துகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதே எல்லாவற்றின் நோக்கமும். வளர்ப்போர் இதை விளைச்சலைப் பெருக்கும் உத்தியாகப் புகழ்வார்கள். கிடைத்துள்ள சான்றுகளோ, இதன் முதன்மைப் பயன் பூக்களின் சீர்மைதான் என்று காட்டுகின்றன.

தன்போக்கில் விட்டால் கஞ்சா நடுத்தண்டு ஓங்கிக் கூம்பு வடிவில் வளரும். இந்த நுனி ஆதிக்கத்துக்கு ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் காரணம் என்பதை 1933இல் திமானும் ஸ்கூகும் அவரைக் குடும்பச் செடியில் காட்டினர்: நுனியை வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தபோது பக்க மொட்டுகள் அடங்கியே இருந்தன. கதை அத்தோடு முடியவில்லை. வெட்டிய பின் ஆக்சின் குறைவதற்கு முன்பே, நுனிக்குப் போகவேண்டிய சர்க்கரை பக்க மொட்டுகளை எட்டி அவற்றைத் தூண்டிவிடுகிறது என்று 2014இல் பட்டாணியில் கண்டறியப்பட்டது. கிள்ளுவதால் செடிக்குப் புதிதாக உணவு எதுவும் சேர்வதில்லை. இருப்பது பல கிளைகளுக்குப் பிரிகிறது, அவ்வளவே.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட முடிவு இங்கே முக்கியமானது. நொடிக்குச் சதுர மீட்டருக்கு 1,800 மைக்ரோமோல் வரை ஒளியைக் கூட்டக் கூட்டப் பூவின் எடை நேர்கோட்டில் ஏறியது. தனி இலையின் ஒளிச்சேர்க்கையோ அதற்கு வெகு முன்பே தெவிட்டிவிட்டது. மேலிலைகள் நிறைந்த பிறகும் கீழிலைகள் ஒளிக்கு ஏங்குகின்றன என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். அந்தப் பசியைத்தான் வளைத்துக் கட்டுதல் ஓரளவு தணிக்கிறது. அதே ஆய்வில், வீரியத்துக்குக் காரணமான கன்னாபினாய்டு சேர்மங்களின் செறிவு பூவில் ஒளியால் மாறவில்லை என்பதால், வடிவமைத்தல் வீரியத்தைக் கூட்டும் என்ற பேச்சை ஐயத்தோடுதான் கேட்க வேண்டும். ஒரே செடியில் உச்சிப் பூவுக்கும் அடிப் பூவுக்கும் உள்ள செறிவு வேறுபாட்டைச் செடியின் வடிவத்தை மாற்றிக் குறைக்கலாம் என்று இஸ்ரேலில் டான்சிகரும் பெர்ன்ஸ்டைனும் செய்த ஆய்வுகள் காட்டின. ஒவ்வொரு வேளை மருந்தும் ஒத்திருக்க வேண்டிய மருத்துவப் பயிருக்கு இது சிறிய ஆதாயம் இல்லை.

கூரை முழுக்க எல்இடி பலகைகள் வந்த பின் இவையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஒற்றைப் பழைய விளக்கின் கீழ் தொலைவு கூடக் கூட ஒளி வேகமாகக் குன்றியது. பலகை விளக்கில் அந்தக் குறை பெரிதும் தீர்ந்தது உண்மை. ஆனால் உயர்ந்த கிளை தாழ்ந்த கிளைமீது வீழ்த்தும் நிழலை எந்தக் கூரை விளக்கும் நீக்குவதில்லை. விளைச்சல் கூடியதைக் கண்ணால் கண்டோம் என்போர் சொல்வதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நான்கு செடிகளைக் கொண்டு ஒரு பரப்பை நிரப்பியாக வேண்டுமென்றால், அவற்றைப் பரப்பிக் கட்டுவது நிச்சயம் பலன் தரும். அதே பரப்பில் சிறு செடிகளை நெருக்கமாக நடும் வணிகப் பண்ணைக்கு அந்த ஆதாயம் சுருங்கிவிடும். கிள்ளிய செடி தேறிவர ஆகும் நாட்களும் நட்டமே.

வீட்டு வளர்ப்பில் இந்த முறைகள் பெற்றுள்ள செல்வாக்குக்குத் தாவரவியலோடு சட்டமும் காரணம் என்றே கொள்ள வேண்டும். 2018 அக்டோபரில் நடப்புக்கு வந்த கனடாச் சட்டம் ஒரு வீட்டுக்கு 4 செடிகளையும், 2024 ஏப்ரலில் வந்த ஜெர்மன் சட்டம் வயதுவந்தவர் ஒருவருக்கு 3 செடிகளையும் அனுமதிக்கின்றன; இரண்டும் எண்ணுவது செடிகளை, பரப்பை அல்ல. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி, அரசின் அனுமதியின்றி ஒரு செடி வளர்ப்பதும் குற்றம்.