ரியாத் ஓடுபாதையில் 301 உயிர்கள்

யாத்ரிகர்கள் நடுவானில் தேநீர் காய்ச்ச அடுப்பு மூட்டினார்கள், அதனால் விமானம் எரிந்தது என்பது 1980ஆம் ஆண்டு ரியாத் விபத்தைப் பற்றி இன்றளவும் வழங்கிவரும் கதை. நம்மவர் சிலரும் இதனைச் சொல்லிச் சிரிக்கக் கேட்டிருக்கிறேன். மறுமொழி கூற இயலாத மரணித்தோர் மீது சுமத்தப்பட்ட இப்பழி ஆராயத் தக்கது.

ஹிஜ்ரி 1400, நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு வாரமளவில், 1980 ஆகஸ்ட் 19 இரவு, கராச்சியிலிருந்து வந்த சவூதியா 163ஆம் விமானம் ரியாதிலிருந்து ஜித்தாவுக்குப் புறப்பட்டது. மூன்று எஞ்சின்கள் கொண்ட லாக்ஹீட் டிரைஸ்டார் வகை விமானம் அது. பயணிகள் 287 பேர், பணியாளர் 14 பேர். பயணிகளில் பெரும்பாலோர் சவூதியரும் பாகிஸ்தானிய யாத்ரிகர்களுமாவர்.

புறப்பட்ட ஏழாவது நிமிடத்தில் பின்புறச் சரக்கறையில் புகை என்று எச்சரிக்கைக் கருவி ஒலித்தது. அது மெய்தானா என உறுதி செய்வதிலேயே சில நிமிடங்கள் கழிந்தன. பிறகே விமானம் திரும்பியது. அதற்குள் தீ தரைத்தளத்தைத் துளைத்துப் பயணிகள் கூடத்தினுள் புகுந்துவிட்டது. வால்புறத்து இரண்டாம் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்பி வடம் தீயில் சிக்கியதால் அதன் விசைக்கோல் அசைய மறுத்தது. அந்த எஞ்சினை அணைத்துவிட்டு, எஞ்சிய இரண்டைக் கொண்டே விமானி தரையிறக்கினார். இறக்கம் பழுதின்றி அமைந்தது.

துயரம் இதற்குப் பிறகுதான். பயணிகளை வெளியேற்றலாமா எனப் பணிப்பெண்கள் வானிலேயே கேட்டிருந்தனர். வெளியேற்ற வேண்டாம் என்பதே விமானியின் முடிவாயிருந்தது. ஓடுபாதையிலேயே உடன் நிறுத்தாமல் விமானத்தைப் பக்கப் பாதைக்குத் திருப்பி ஓட்டினார். தரை தொட்டு ஏறத்தாழ 2 நிமிடம் 40 விநாடி கழித்தே அது நின்றது. நின்ற பின்னும் எஞ்சின்கள் மூன்று நிமிடங்களுக்கு மேல் சுழன்றன. சுழலும் எஞ்சின்களை மீட்புக் குழுவினர் நெருங்க இயலவில்லை. எஞ்சின்கள் நின்று 23 நிமிடங்களுக்குப் பின்னரே ஒரு கதவு திறக்கப்பட்டது. அதற்கு முன்பே புகையும் நச்சு வாயுவும் 301 உயிர்களையும் கவர்ந்துவிட்டன. உடல்கள் பெரும்பாலும் விமானத்தின் முற்பாதியில் கிடந்தன. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அடுப்புக் கதை முற்றிலும் கற்பனையன்று. இடிபாடுகளில் இரு எரிவாயு அடுப்புகள் கிடைத்தன. ஆயின் கிடைத்தது என்பது வேறு, எரித்தது என்பது வேறு. முதல் எச்சரிக்கை வந்தது பயணிகள் கூடத்திலிருந்தன்று, கீழேயிருந்த சரக்கறையிலிருந்து. சவூதி விசாரணைக் குழுவும் தீ அங்கேயே பிறந்தது என முடிவு செய்து, அதன் மூலகாரணம் தெரியவில்லை என எழுதியது. செய்தியைத் தீர விசாரிக்கப் பணிக்கும் அல்ஹுஜுராத் வசனத்தின் சொல்லை ஹம்ஸா, கிஸாயீ முதலிய காரிகள் 'அவசரப்படாது உறுதி செய்யுங்கள்' எனும் பொருள்பட ஓதியிருப்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது.

குழு பெரிதும் குறைகண்டது, உடனடி வெளியேற்றத்துக்கு ஆயத்தம் செய்யாமையிலும், ஓடுபாதையில் விரைந்து நிறுத்தாமையிலும், மீட்புப் பணியின் தாமதத்திலும். பின்னர் சவூதியா தன் அவசரகால நடைமுறைகளைத் திருத்தியது. லாக்ஹீட் நிறுவனம் பின்புறச் சரக்கறையின் மேலிருந்த வெப்பக்காப்புப் பொருளை அகற்றி, கண்ணாடியிழைத் தகடுகளால் அப்பகுதியை வலுப்படுத்தியது.