கொலவெறிப் படமும் பூட்டப்பட்ட இணையதளங்களும்

2011 நவம்பரில் யூடியூபில் வெளியான "ஒய் திஸ் கொலவெறி டி" பாட்டைக் கேட்காதவர் தமிழ்நாட்டில் குறைவு. காசு செலவில்லாமல் உலகமே கேட்டது. "3" படத்துக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்காது. வேடிக்கை என்னவென்றால், சில மாதங்களிலேயே அதே படத்தை இணையத்திடமிருந்து காப்பாற்றச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது!

2012 மார்ச் கடைசியில், படம் வெளியாகும் நேரத்தில், ஆர்.கே. புரொடக்ஷன்ஸ் தடை உத்தரவு வாங்கியது. பி.எஸ்.என்.எல். உள்ளிட்ட இணைய சேவை நிறுவனங்கள் பிரதிவாதிகள். கூடவே பெயர் தெரியாத சிலரும். திருடப்போவது யார் என்று தெரியாமலே தொடுக்கும் இந்த மாதிரி வழக்கில், அந்த முகம் தெரியாத ஆளை அமெரிக்காவில் "ஜான் டோ" என்பார்கள். இங்கே அவருக்கு "அசோக் குமார்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். (நிஜமான அசோக் குமார்கள் மன்னிக்கவும்.) 2002 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது கேபிள்காரர்களுக்கு எதிராக டெல்லி உயர் நீதிமன்றம் இப்படி ஓர் உத்தரவு தந்திருந்தது.

ஏப்ரலில் "தம்மு" என்ற தெலுங்குப் படத்துக்கும் இதே போல உத்தரவு வந்தது. மே மாதம் பார்த்தால், பைரேட் பே மட்டுமல்ல, விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. சொந்தக் குறும்படத்தை விமியோவில் போட்டிருந்த மாணவரும் மாட்டிக்கொண்டார். காரணம் சாதாரணக் கணக்குதான். திருட்டுப் பிரதி இருக்கும் பக்கத்தைத் தேடிப்பிடித்து அதை மட்டும் தடுக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். முழுத் தளத்தையும் மூடுவது சுலபம். மூடாமல் விட்டால் நீதிமன்ற அவமதிப்பு வருமோ என்ற பயம் நிறுவனத்துக்கு. மூடினால் வரும் நஷ்டம் வாடிக்கையாளருக்கு. நிறுவனம் எதைத் தேர்ந்தெடுக்கும்?

அமெரிக்காவில் அதே ஆண்டு ஜனவரியில்தான் "சோபா" என்ற மசோதாவை (உட்காரும் சோபா அல்ல!) எதிர்த்து ஆங்கில விக்கிபீடியா ஒரு நாள் முழுக்க இருட்டாகக் கிடந்தது. மசோதா அப்படியே கிடப்பில் போனது. அங்கே சட்டம் வரும் முன்பே சண்டை. இங்கே தளங்கள் மூடிய பிறகுதான் விவாதமே தொடங்கியது. ஜூன் 9 அன்று பல இந்திய நகரங்களில் இளைஞர்கள் முகமூடி போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். ஜூன் 22 அன்று உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது: தடை படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரிக்கு மட்டும்தான், முழுத் தளத்துக்கு அல்ல.

தயாரிப்பாளர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வட்டிக்குப் பணம் வாங்கிப் படம் எடுத்தவருக்கு முதல் வார வசூல்தான் உயிர். திருட்டு விசிடிக்காரர்களை விசாரணையின்றி ஓராண்டு வரை சிறையில் வைக்கும்படி தமிழ்நாடு 2004-லேயே குண்டர் சட்டத்தைத் திருத்தியது. அவ்வளவு கடுமையான சட்டத்தாலும் திருட்டு நிற்கவில்லை. விசிடி போய் இணையம் வந்தது, அவ்வளவுதான்.

2012-ல் சொன்ன தெளிவும் நிலைக்கவில்லை. 2017 ஆகஸ்டில் இந்திப் படங்களுக்காகச் சென்னையில் வாங்கிய உத்தரவில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் இருந்தன. அதில் இன்டர்நெட் ஆர்கைவும் ஒன்று! பழைய இணையப் பக்கங்களையும் புத்தகங்களையும் சேமித்து வைக்கும் நூலகம் அது. பட்டியலைத் தருபவர் தயாரிப்பாளர். எதிர்த்துப் பேச வேண்டிய தளம் நீதிமன்றத்தில் இருப்பதே இல்லை. கோளாறு அங்கேதான். 2018 நவம்பரில் "2.0" படத்துக்காக 12,000-க்கும் மேற்பட்ட தளங்களைத் தடுக்க உத்தரவானது. அப்படியும் படம் உடனே இணையத்தில் கசிந்தது.

2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தது. திருட்டுப் பிரதிகளே பிரதானத் தொழிலாக உள்ள தளம் என்று காட்டினால் முழுவதையும் மூடலாம். புதுப் பெயரில் முளைக்கும் அதன் நகல்களுக்குப் புது வழக்கு வேண்டாம். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் 2012-ல் பைரேட் பே மாட்டியிருக்கும். விமியோ தப்பித்திருக்கும்.