நாற்காலியைப் பிடித்து நடந்த வரலாறு

ஆசிரியர்களே, மாணவர்களே, ஒரு கேள்வி. சட்டைப் பொத்தானைப் போட ஒரு பிள்ளை ஐந்து நிமிடம் எடுத்தால் என்ன செய்வீங்க? நாமே போட்டுவிடுவோம், இல்லையா?

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஆண்ட்ராஸ் பெட்டோ என்ற மருத்துவர் வேறு வழி காட்டினார். 1945இல், பெருமூளை வாதத்தால் கை, கால் அசைவு பாதிக்கப்பட்ட பிள்ளைகளோடு பணியைத் தொடங்கினார். வாரத்தில் ஓரிரு மணி நேரச் சிகிச்சை இல்லை. நாள் முழுக்கப் பயிற்சி. எழுவது, உடுத்துவது, உண்பது எல்லாமே பாடம்தான். சிகிச்சையாளரும் ஆசிரியரும் ஒரே ஆள். பிள்ளைகள் குழுவாக, "கையை நீட்டுகிறேன்" என்று சொல்லி, ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிக்கொண்டே செய்வாங்க. நடை பழக, ஏணி போன்ற முதுகுள்ள மர நாற்காலி.

பெட்டோ 1967இல் மறைந்தார். அவரிடம் பயின்ற மரியா ஹாரி பணியைத் தொடர்ந்தார். 1986இல் பிபிசி ஆவணப்படம் ஒன்றைப் பார்த்து, பிரிட்டன் பெற்றோர் பலர் பிள்ளைகளோடு புடாபெஸ்ட் போனாங்க. ஆனாலும், மற்ற சிகிச்சைகளைவிட இது மேலானது என்று ஆய்வுகள் உறுதியாக நிறுவவில்லை. அதையும் மாணவர்கள் விடையில் எழுதணும்.

ஆசிரியர்களே, அடுத்த முறை அந்தப் பொத்தானைத் தொடும் முன், ஐந்து வரை எண்ணிப் பாருங்க.